மறியல் கலைந்த பிறகு: கடலூர், சிதம்பரம் சாலைகளில் சைக்கிளும் அரசியலும்

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சாலையை மறிக்கத் தெரியும். 1987 செப்டம்பர் 17 முதல் 23 வரை வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வார மறியலில், அன்றைய தென்னார்க்காடு உள்ளிட்ட வடமாவட்டங்களின் நெடுஞ்சாலைகள் முடங்கின. வெட்டி வீழ்த்திய மரங்கள் குறுக்கே கிடந்தன. 21 பேர் உயிரிழந்தார்கள். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீத இடஒதுக்கீடும், 1989-ல் பாட்டாளி மக்கள் கட்சியும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக வந்தவை. இன்றும் குடிநீர் வராவிட்டால் காலிக்குடத்தோடு சாலைக்குத்தான் வருகிறார்கள். சுடுகாட்டுப் பாதைக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் பேருந்து நிற்காததற்கும் அதே தார்ச்சாலைதான் மேடை. ஆனால் அந்தச் சாலை எப்படி இருக்க வேண்டும், அதில் சைக்கிளில் போகிறவர் உயிரோடு வீடு திரும்ப என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இங்கே ஒரு கட்சியின் கொள்கையாகவோ ஒரு சங்கத்தின் நிரந்தரக் கோரிக்கையாகவோ ஆகவில்லை.

விபத்து நடந்தால் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எதைக் கேட்கிறது, எது கிடைத்ததும் அடங்குகிறது, அதற்கு அரசியல் என்ன விலை வைக்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த விபத்து நடக்கிறது அல்லது தவிர்க்கப்படுகிறது. கடலூரையும் சிதம்பரத்தையும் மையமாக வைத்து, தமிழ்நாட்டிலும் வெளியிலும் நடந்தவற்றோடு ஒப்பிட்டு இதைப் பார்க்கலாம்.

எண்ணிக்கை சொல்வதும் மறைப்பதும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் 44.5 சதவீதம், நடந்து சென்றவர்கள் 19.5 சதவீதம். சைக்கிளில் சென்றவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம்: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884.

மூன்று சதவீதம்தானே என்று அதிகாரிகள் கடந்துபோவதற்கு இந்தக் கணக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் சைக்கிள் சாவுகள் குறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. சாலை பாதுகாப்பாக மாறலாம்; அல்லது பயந்துபோய் ஆட்கள் சைக்கிளை விட்டுவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிற இந்தியர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் சைக்கிளில்தான் போனார்கள். அதற்குப் பிறகு கடலூர் பழைய நகரத்துத் துறைமுகத்திலிருந்து மீன் கூடை ஏற்றிய சைக்கிள்கள் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்கு மாறிவிட்டன. பள்ளிக்குச் சைக்கிளில் போன பிள்ளைகளைப் பெற்றோர் கடன் வாங்கியாவது வேனில் ஏற்றுகிறார்கள். “ரோடு சரியில்லீங்க, பொண்ண சைக்கிள்ல அனுப்ப மனசு வரல” என்று சொல்லும் அம்மா எந்த விபத்துப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அந்தச் சாலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அவர்தான் முதல் சாட்சி.

மிச்சமிருக்கிறவர்கள் யார்? பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி மாணவர்கள், வயதான விவசாயக் கூலிகள், இரவுக் காவலாளிகள், சிப்காட்டின் ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர், பால்காரர், பழைய பேப்பர் எடுப்பவர். பாதிப் பேருக்கு வாக்களிக்கும் வயது இல்லை. மீதிப் பேருக்குச் சங்கம் இல்லை.

ஓரம் இல்லாத சாலை

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் செல்லும் பாதை, பழைய கணக்கில் தேசிய நெடுஞ்சாலை 45ஏ. பழைய நகரத்தைத் தாண்டினால் சிப்காட் ஆலைகள், பிறகு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாறு, சிதம்பரம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வழியாக நாகப்பட்டினம் வரையிலான நான்கு வழிச்சாலைத் திட்டத்தில், பூண்டியாங்குப்பத்திலிருந்து சீர்காழி அருகே சட்டநாதபுரம் வரையிலான பகுதி இந்த மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களை நெடுக அறுத்துக்கொண்டு போகிறது. மேற்கே விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலை பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாக வருடக்கணக்கில் வேலை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அகலமான புதுச் சாலை, அரைகுறையாக நிற்கும் சாலை, இரண்டுமே சைக்கிளுக்கு வெவ்வேறு விதத்தில் ஆபத்து.

காலை எட்டரை மணிக்கு இந்தச் சாலைகளில் ஒரு கிராமத்து விலக்கில் நின்று பார்த்தால் புரியும். பிளஸ் டூ படிக்கும் பெண், அரசு கொடுத்த சைக்கிளில், பின்னால் தம்பியை வைத்துக்கொண்டு கிளைச்சாலையிலிருந்து வருகிறாள். பள்ளி இருப்பது எதிர்ப்பக்கம். நடுவில் தடுப்புக்கட்டை. முறையாகப் போனால் இடதுபுறம் திரும்பி, அடுத்த திறப்பு வரை போய், சுற்றி வர வேண்டும். அந்தத் திறப்பில் டிப்பர் லாரியும் தனியார் பேருந்தும் வேகம் குறைப்பதில்லை. அதனால் அவள் வலதுபுறமே, எதிர்த்திசையில், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மிதிக்கிறாள். அந்த ஓரமும் சும்மா கிடைப்பதில்லை. டீக்கடை முன்பு லாரி நிற்கிறது. அறுவடைக் காலமென்றால் நெல்லோ உளுந்தோ காய்கிறது. காற்றில் பறக்காமலிருக்கத் தார்ப்பாயின் மீது கல் வைத்திருக்கிறார்கள். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அரையடிப் பள்ளம். ஒவ்வொரு தடைக்கும் அவள் சாலைக்குள் ஒரு முழம் வர வேண்டியிருக்கிறது. அந்த ஒரு முழத்தில் மோதல் நடந்தால் மறுநாள் செய்தியில் “எதிர்த்திசையில் வந்த சைக்கிள்” என்றுதான் இருக்கும். அவள் செய்தது தவறா என்று கேட்பதற்கு முன்னால், தவறாமல் போக அவளுக்கு என்ன வழி வைத்தோம் என்று கேட்க வேண்டும்.

சிதம்பரத்துக்குள் வேகம் குறைவு, நெரிசல் வேறு. நடராஜர் கோயிலைச் சுற்றிய நான்கு மாட வீதிகளும் தேர் திரும்பும் அளவுக்கு அகலமாக அமைந்தவை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் காவல்துறை வாகனங்களைத் திருப்பிவிட்டு அவற்றை மக்களின் கால்களுக்கே கொடுக்கிறது. மற்ற நாட்களில் கடைகளின் முன்நீட்டம், அதற்கு முன் நிறுத்திய பைக்குகள், அதற்கு முன் ஷேர் ஆட்டோ, மிச்சத்தில் பேருந்து. கூட்டம் கேட்டால் ஒரே நாளில் வீதியை ஒழுங்குபடுத்த முடியும் என்பதை ஆண்டுக்கு இருமுறை பார்க்கிறோம்.

யார் வண்டி அது?

சைக்கிளுக்கு இந்த ஊர்களில் ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. 1929-ல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகத்தில் பேராசிரியரும் மாணவரும் சைக்கிளில்தான் வகுப்புக்குப் போனார்கள். வாத்தியார், தபால்காரர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, கான்ஸ்டபிள் எல்லோருக்கும் அதுதான் வண்டி. உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி போட்டு வில்லை கொடுத்தன. விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடித்தது. தொல்லைதான். ஆனால் வரி கேட்கிறவன் அந்த வண்டி இருப்பதை ஒப்புக்கொள்கிறான். இன்று சைக்கிளுக்கு வரியும் இல்லை, பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை. அரசின் பார்வையில் அது சாலையில் இருக்கும் ஒரு பொருளே இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது.

1990-களுக்குப் பிறகு கடன் வசதி பெருகியதும் குரல் உள்ளவர்கள் ஒவ்வொருவராக மோட்டார் சைக்கிளுக்கு ஏறினார்கள். ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர், பத்திரிகை நிருபர், கவுன்சிலர், சாலையை வடிவமைக்கும் பொறியாளர், வழக்கை எழுதும் எஸ்.ஐ. என யாரும் இப்போது சைக்கிளில் வேலைக்குப் போவதில்லை. சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் ஹெல்மெட் பேரணி நடக்கிறது. 2015 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஹெல்மெட் கட்டாயமானபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. திட்டியவர்களும் ஆதரித்தவர்களும் பைக் ஓட்டுகிறவர்கள் என்பதால் அது விவாதமாயிற்று. சைக்கிளுக்கு அப்படியொரு விவாதம் நடத்த ஆளில்லை.

இந்த மனநிலை ஹாரனில் தொடங்கி நீதிமன்றம் வரை போகிறது. கடலூர் – சிதம்பரம், கடலூர் – பண்ருட்டி வழித்தடங்களில் டைமிங் பிடிக்க ஓடும் பேருந்தின் ஏர் ஹாரனுக்கு, சைக்கிள்காரர் ஓரம் ஒதுங்குவது கடமை. மோதிவிட்டால் “திடீர்னு திரும்பிட்டார்”, “குடிச்சிருந்தார் போல” என்ற பேச்சு ஆம்புலன்ஸ் வருவதற்குள் உருவாகிவிடுகிறது. அந்தப் பேச்சு வழக்குப் பதிவிலும் ஏறினால், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இறந்தவரின் கவனக்குறைவும் சேர்ந்தது என்று தொகை குறைகிறது. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால், 2022 முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம் ரூபாய். அப்படியொரு திட்டம் இருப்பதே தெரியாத குடும்பங்கள்தான் பெரும்பாலும் அதற்குத் தகுதியானவை.

சின்னமாக, பரிசாக, போராட்டக் கருவியாக

அரசியலுக்குச் சைக்கிள் பிடிக்காமல் இல்லை. 1996 தேர்தலில் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் சைக்கிள் சின்னத்தில் நின்று 39 சட்டமன்றத் தொகுதிகளையும் 20 மக்களவைத் தொகுதிகளையும் வென்றது. கடலூர் மக்களவைத் தொகுதியும் அந்த முறை சைக்கிளுக்கே கிடைத்தது. சுவர் சுவராகச் சைக்கிள் வரைந்த ஊரில், சாலையில் சைக்கிளுக்கு ஒரு கோடு வரையப்படவில்லை.

2001-02-ல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறியும் நிற்கவில்லை; ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்கள் போகின்றன. பெண்பிள்ளைகள் படிப்பைத் தொடர்வதில் சைக்கிள் என்ன செய்யும் என்பதைப் பிகாரில் 2006-ல் தொடங்கிய இதேபோன்ற திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் காட்டினார்கள்: உயர்நிலைப் பள்ளிக்கான வயதில் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்தது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்னோடி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி பேசிய ஊர்கள் இரண்டு ஆண்டுகளில் அதைப் பெருமையாகப் பேசின. பொதுமனம் மாறாத ஒன்று என்று சொல்வோருக்குப் புதுக்கோட்டை போதுமான பதில்.

ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் வண்டியைக் கொடுக்கும் துறை ஒன்று. அந்தப் பிள்ளை போகும் சாலையை அமைக்கும் துறை வேறு. விழா மேடையில் எம்.எல்.ஏ. சைக்கிளை வழங்குகிறார், வெளியே அதை ஓட்டிப்போக ஒரு முழம் இடம் இருக்கிறதா என்பது நெடுஞ்சாலைத் துறையின் தலைவலி. சைக்கிள் வழங்கினால் படம் வரும், பயனாளிப் பட்டியல் வரும். சாலையோரத்தைச் செப்பனிட்டால் பயனாளி யாரென்றே தெரியாது. 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் மானியத் திட்டம் தொடங்கப்பட்டபோது அரசியலின் கணக்கு வெளிப்படையானது: சைக்கிள் என்பது ஏறிக் கடந்துவிட வேண்டிய முதல் படி. அந்தப் படியிலேயே நிற்பவர்களுக்குச் சாலை எதற்கு?

பெட்ரோல் விலை ஏறினால் எதிர்க்கட்சிகள் சைக்கிள் பேரணி நடத்துகின்றன. 2021 ஏப்ரல் 6 அன்று நடிகர் விஜய் நீலாங்கரையில் வாக்குச்சாவடிக்குச் சைக்கிளில் போனதற்கு மாநிலமே அரசியல் அர்த்தம் தேடியது. 2021-ல் முதல்வரான மு.க.ஸ்டாலின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டும் படங்கள் பலமுறை வந்திருக்கின்றன. பிரபலங்கள் ஓட்டும்போது சைக்கிள் உடல்நலம், எளிமை, எதிர்ப்பு. புவனகிரியிலிருந்து வேலைக்கு வருகிறவர் ஓட்டும்போது அது இல்லாமையின் அடையாளம். சாலைத் திட்டம் போடுபவர்களின் மனதில் பதிவது இரண்டாவது சித்திரம்தான்.

கோபத்தின் ஆயுள்

விபத்துக்குப் பிந்தைய மறியலுக்கு ஒரு முறை உருவாகிவிட்டது. உறவினர்கள் சாலையில் உட்காருவார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், அடங்காவிட்டால் டி.எஸ்.பி., தாசில்தார். கோரிக்கைகள் பெரும்பாலும் மூன்று: டிரைவரைக் கைது செய், இழப்பீடு கொடு, வேகத்தடை போடு. உறுதிமொழி கிடைத்ததும் கூட்டம் கலையும். இரண்டொரு நாளில் வேகத்தடை வரும். வெள்ளைக் கோடில்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை, விளக்கு இல்லை. இரவில் அதில் ஏறி விழுகிறவர் பைக்கில் வந்தவராகவோ, அதே ஊர் சைக்கிள்காரராகவோ இருப்பார். தேசிய நெடுஞ்சாலை என்றால் வேகத்தடையும் கிடையாது. நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரத்தோடு இரும்புத் தடுப்புகளை வளைத்து வளைத்து வைப்பார்கள். அந்த வளைவில் பேருந்தோடு சேர்த்து நெருக்கப்படுவது சைக்கிள்தான்.

வேகத்தடை ஏன் வெல்கிறது? அது கண்ணுக்குத் தெரியும், உடனே வரும், நிலம் எடுக்க வேண்டாம், யாருடைய கடை முகப்பையும் இடிக்க வேண்டாம். சைக்கிளுக்கு ஓரம் கேட்டால் ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும். வணிகர்கள் சங்கமாக இருக்கிறார்கள், சைக்கிள்காரர்கள் உதிரியாக இருக்கிறார்கள். இந்தச் சமன்பாட்டை எந்தக் கவுன்சிலரும் தவறாகப் போடமாட்டார்.

பி.முட்லூர் அருகே கொத்தட்டையில் 2024 டிசம்பரில் சுங்கச்சாவடி திறந்தபோது தனியார் பேருந்து உரிமையாளர்கள் போராடினார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, செய்தியாயிற்று. கட்டணம் கட்ட வேண்டியவர் யாரென்று தெரியும், அவருக்கு அமைப்பும் இருந்தது. அதே சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிய கிராமங்களின் கேள்வி அந்த வேகத்தில் எழவில்லை. சுங்கக் கட்டணம் தினமும் கையைக் கடிக்கிறது. விபத்து என்றோ ஒருநாள், யாரோ ஒருவருக்கு.

கோபம் சரியான இடத்தில் பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே மாவட்டம் சாட்சி. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். நாடு முழுவதும் கேட்டது. சில நாட்களுக்குள் ரயில்வே அமைச்சர் கேட்டுகளில் கேமரா, சிக்னலோடு இணைந்த இன்டர்லாக்கிங், ஆய்வு எனப் பல உத்தரவுகளைப் பிறப்பித்தார். கேட் கீப்பர் மீதான கோபத்தோடு விஷயம் நின்றிருந்தால் அவர் கைதோடு முடிந்திருக்கும், “கேட் ஏன் இன்டர்லாக் ஆகவில்லை?” என்ற கேள்வி எழுந்ததால் அமைப்பு அசைந்தது. சைக்கிள் விபத்துகளில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. ஒவ்வொருவராக, வேறு வேறு நாளில், வேறு வேறு விலக்கில் இறப்பதால் அது எப்போதும் பெருந்துயரமாகத் திரள்வதே இல்லை.

திரண்ட கோபமும் நீண்ட நாள் நிற்கும் என்ற உத்தரவாதம் இல்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் சென்ற இளம் மென்பொருள் பொறியாளர் மீது கட்சிக்காரர் வைத்த பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி அவர் இறந்தார். உயர் நீதிமன்றம் கொதித்தது. பெரிய கட்சிகளெல்லாம் இனி பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. அதற்குப் பிறகு வந்த தேர்தல்களில் எந்த ஊர்ச் சந்திப்பைப் பார்த்திருந்தாலும் அந்த அறிக்கைகளின் ஆயுள் தெரிந்திருக்கும்.

சாதியின் குறுக்கீடு

இந்த மாவட்டத்தைப் பற்றி எழுதும்போது சாதியைத் தவிர்க்க முடியாது. பல கிராமங்களில் சாலைக்கு ஒருபுறம் ஊர், மறுபுறம் தலித் குடியிருப்பான காலனி. பள்ளி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் பெரும்பாலும் ஊர்ப்பக்கம். சைக்கிளோடு சாலையைக் கடக்க வேண்டியவர்கள் காலனிக்காரர்கள். விபத்தில் இருதரப்பு ஆட்களும் சம்பந்தப்பட்டால் முதல் கேள்வி வேகம் எவ்வளவு என்பதல்ல, யார் எந்தத் தெரு என்பது. விடுதலைச் சிறுத்தைகளும் பாட்டாளி மக்கள் கட்சியும் வலுவாக உள்ள வட்டாரத்தில் கல்வீச்சு வராமல் பார்ப்பதே போலீசின் அன்றைய வேலையாகிவிடும். அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும், அமைதி வரும், சாலை அப்படியே இருக்கும். அஞ்சி ஓடிய டிரைவரும், அவரைத் துரத்திய இளைஞர்களும் வழக்கில் சிக்க, தடுப்புக்கட்டையில் திறப்பை எங்கே வைப்பது என்று வரைபடம் போட்டவர் பேச்சிலேயே வருவதில்லை.

ஆனால் இந்த இரு தரப்புக்கும் பொதுவான நலன் ஏதாவது உண்டென்றால், அதில் இதுவும் ஒன்று. ஒரே அரசுப் பள்ளிக்கு, ஒரே மாதிரி விலையில்லா சைக்கிளில், ஒரே நெடுஞ்சாலையைக் கடந்து போகிறவர்கள் இரு தரப்பின் பிள்ளைகளும்தான்.

அரசியல் அசைத்த மூன்று இடங்கள்

சாலையின் ஆபத்தை அரசியல் நேரடியாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதற்கு அண்மைக்கால உதாரணங்கள் உள்ளன.

ஒன்று, மதுக்கடை. பா.ம.க.வைச் சேர்ந்த வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று உத்தரவிட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஊருக்குள் மாற்ற முயன்றபோது பெண்கள் எதிர்த்தார்கள். பின்னர் சிறிய ஊர்களுக்கு 220 மீட்டர் என்றும், நகராட்சி எல்லைக்குள் பொருந்தாது என்றும் விலக்குகள் வந்தன. ஒரு கட்சி நீண்ட காலம் விடாமல் பிடித்த கோரிக்கை சட்டமாகிய அரிய நிகழ்வு இது. அதை நீர்த்துப்போகச் செய்ததும் அரசியல்தான். 2016-ல் 17,218 ஆக இருந்த தமிழ்நாட்டின் சாலை மரணங்கள் 2019-ல் 10,525 ஆகக் குறைந்ததாக அன்றைய அரசுக் கணக்கு சொன்னது. மதுக்கடை, 108 ஆம்புலன்ஸ், விபத்துப் பகுதிகளைச் சீரமைத்தது, போலீஸ் கெடுபிடி என எல்லாம் பேசப்பட்டன. ஒரே காரணத்துக்கு மாலை போட முடியாது. 2023-ல் எண்ணிக்கை 18,347. ஏறிய எண்ணுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

இரண்டு, வேகம். 2018-ல் மத்திய அரசு நெடுஞ்சாலைகளின் வேக வரம்பை உயர்த்தியது. விரைவுச்சாலையில் கார்கள் 120 கிலோமீட்டர் வரை போகலாம் என்றது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்துசெய்தது. 30 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதினால் நடந்துபோகிறவர் பிழைக்க 90 சதவீத வாய்ப்பு, 45-ல் மோதினால் பாதிக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சைக்கிள்காரருக்கும் உடல் அதே உடல்தான். ஆனாலும் வேகம் முன்னேற்றத்தின் அளவுகோலாகிவிட்ட நாட்டில், “கடலூருக்கு இவ்வளவு நிமிடத்தில் போகலாம்” என்பது வாக்குறுதியாகிறது. மெதுவாகப் போகச் சொல்வது யாருக்கும் வாக்குறுதி ஆவதில்லை.

மூன்று, லாரி. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்ற, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024 புத்தாண்டில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். இரண்டே நாளில் அரசு இறங்கிவந்தது. ஜூலை 1-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் வரவில்லை. ஓட்டுநர்களின் பயத்தில் நியாயம் இருந்தது: நின்றால் அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்றார்கள். அதைப் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் மேசையின் எதிர்ப்புறத்தில், மோதப்படுகிறவர்களின் சார்பில் உட்கார ஒருவரும் இல்லை.

வெளியூர்ப் பாடங்கள்

சைக்கிள் நாடு என்று பெயரெடுத்த நெதர்லாந்தும் ஒரு காலத்தில் காருக்குத்தான் வழிவிட்டுக்கொண்டிருந்தது. 1971-ல் அங்கே சாலையில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளை விபத்தில் இழந்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையிலிருந்து, ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே 1972-ல் இயக்கம் எழுந்தது. 1973-ன் எண்ணெய் நெருக்கடி அவர்களுக்குத் துணைவந்தது. அவர்கள் செய்த முக்கியமான காரியம், டிரைவர்களைத் திட்டுவதோடு நிற்காமல் தெருவின் வடிவத்தை மாற்றக் கேட்டது. அந்தக் கேள்வியை ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்டது. 2023-ல் அந்நாட்டில் சாலை மரணங்கள் 684. அதில் 270 பேர் சைக்கிளில் சென்றவர்கள் என்பதால் அங்கும் வேலை முடியவில்லை.

நம் நாட்டில் எதிர்மறைப் பாடங்கள் உண்டு. கொல்கத்தாவில் 2013-ல் போக்குவரத்து வேகம் கெடுகிறது என்று 174 சாலைகளில் சைக்கிளைத் தடைசெய்தார்கள். எதிர்ப்புக்குப் பின் பட்டியல் 62 ஆகச் சுருங்கியது. உத்தரப் பிரதேசத்தில் அகிலேஷ் யாதவ் அரசு சைக்கிள் தடங்கள் அமைத்தது. அவர் கட்சியின் சின்னமும் சைக்கிள். 2017-ல் ஆட்சி மாறியதும் அந்தத் தடங்களை அகற்றப்போவதாகப் பேச்சு எழுந்தது. தடம் மக்களுடையதாக ஆகாமல் கட்சியுடையதாக இருந்தால், கொடி இறங்கும்போது அதுவும் இறங்கும். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்போருக்கும் சைக்கிளுக்கும் போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் என்று கொள்கை வகுத்தது. நடைபாதைகள் சில வந்தன, சைக்கிள் தடங்கள் பெரும்பாலும் பைக் நிறுத்துமிடங்களாயின. காகிதத்தில் உள்ள கொள்கையைக் காக்க வெளியே ஒரு கூட்டம் வேண்டும்.

சட்டத்தில் இருப்பவை, கேட்கப்படாதவை

கேட்க ஆளிருந்தால் சட்டம் கைகொடுக்கும். சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறியதால் மரணம் நேர்ந்தால், ஒப்பந்ததாரர் முதல் சாலைக்குப் பொறுப்பான துறை வரை ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடம் தருகிறது. அதே திருத்தம் நடப்போரையும் சைக்கிள் போன்ற வண்டிகளையும் பற்றி விதி வகுக்க 138(1ஏ) பிரிவில் மாநிலத்துக்கு அதிகாரம் கொடுத்தது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கு இன்றுவரை நீண்டு, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களைப் பணித்தது. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு 215-வது பிரிவு அடிப்படை. கூட்டம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யாரும் அங்கே அழைக்கப்படுவதாகத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பழையது ஒன்று இருக்கிறது. இந்தியச் சாலைப் பேராயம் 1962-லேயே சைக்கிள் தடத்துக்கு அளவு சொல்லிவிட்டது. ஒரு சாலையில் மணிக்கு 200-க்கும் அதிகமான மோட்டார் வாகனங்கள் போகுமானால், நெரிசல் நேரத்தில் 100 சைக்கிள் போனாலே தனித் தடம் அமைப்பது நியாயம் என்பது அந்தப் பரிந்துரை. கடலூர் – சிதம்பரம் சாலையில் மோட்டார் வாகனங்களை எண்ணத் தேவையே இல்லை. எண்ண வேண்டியது சைக்கிளை. மேல்நிலைப் பள்ளி உள்ள ஊர்களில் காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை யாராவது நோட்டோடு உட்கார்ந்தால் போதும்.

மறியலில் கேட்கும் கோரிக்கைக்கும் இப்படி எண்ணி எழுதிக்கொடுக்கும் கோரிக்கைக்கும் வேறுபாடு உண்டு. முன்னதற்குப் பதில் சொல்பவர் டி.எஸ்.பி.; அவருக்குத் தேவை போக்குவரத்து சீராவது. பின்னதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நெடுஞ்சாலைப் பொறியாளர்; அதை அவர் மறுத்தால் காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணம் அடுத்த விபத்தில் 198ஏ-க்கு ஆதாரமாகும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, தண்ணீர் தினம், உள்ளாட்சி தினம் என ஆண்டில் ஆறு முறை கிராமசபை கூடுகிறது. தீர்மானங்கள் சாக்கடை, தெருவிளக்கு, நூறுநாள் வேலை என்று போகும்; “எங்கள் விலக்கில் மணிக்கு இத்தனை சைக்கிள் கடக்கிறது, தடுப்பில் திறப்பும் அதற்கு முன் வேகக் குறைப்பும் ஓரத்தில் தடமும் வேண்டும்” என்று ஒரு தீர்மானம் சேர்வதற்கு எந்தத் தடையும் இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழு அதற்கான எண்ணிக்கையைத் தரலாம்.

சைக்கிள்காரர்களுக்கு வாக்கு வங்கி இல்லை என்பது அரைகுறை உண்மை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு வாக்கில்லை. அவளுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பாட்டிக்கும் உண்டு. சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் 2019-ல் தொல்.திருமாவளவன் வென்றது 3,219 வாக்கு வித்தியாசத்தில். நெடுஞ்சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் வீடுகளைச் சேர்த்தால் அதைவிடப் பெரிய எண் வரும். அந்த எண்ணை இதுவரை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை என்பதால்தான் வேட்பாளர்கள் வேகத்தடையோடு தப்பிக்கிறார்கள். அடுத்த முறை சைக்கிள் வழங்கும் விழாவுக்கு எம்.எல்.ஏ. வரும்போது, நன்றி சொல்லிவிட்டு, எண்ணி வைத்த தாளையும் அவர் கையில் கொடுத்து, பதில் எழுத்தில் வேண்டும் என்று கேட்க வேண்டும்.